உப்புக் குறைந்தால் யாரைக் கேட்பது?
எப்படி இயங்குகிறது: மைசூர் மைன்ஸ் வாக்காளரும் அவருடைய பிரதிநிதிகளும்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சாம்பாரில் உப்புப் போதவில்லை. தண்ணீர்ச் செம்போடு வருகிற பையனிடம் சொல்கிறீர்கள். அவன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போகிறான். அவன் மேல் குற்றமில்லை. உப்பு, அடுப்படியில் நிற்கிற சமையல்காரரின் பொறுப்பு. அரிசியே புழுத்துப் போயிருந்தால் சமையல்காரரைக் கேட்டும் பயனில்லை. உக்கிராணத்திலிருந்து அளந்து கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும். கூரை ஒழுகி இலையில் மழைத்துளி விழுந்தாலோ, இவர்கள் மூவராலும் ஒன்றும் செய்ய முடியாது. மண்டபத்துக்குச் சொந்தக்காரர் வேறொருவர்.

கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் பகுதியின் சுரங்கத் தொழிலாளர் லைன்களில் குடியிருப்பவர்கள், சுரங்கம் மூடிய 2001-இலிருந்து இந்த நான்கு பேரிடமும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். குழாயில் தண்ணீர் வராததை எம்.பி.யிடம் சொல்கிறோம். சுரங்க நிலத்தின் சங்கதியைக் கவுன்சிலரிடம் கேட்கிறோம். ரேஷன் கார்டில் பெயர் விடுபட்டதை, தேர்தல் நேரத்தில் தெருவுக்கு வந்துபோன யாரோ ஒருவரிடம் முறையிடுகிறோம். எல்லாரும் 'பார்க்கிறோம்' என்கிறார்கள். பொறுப்பு யாருடையது என்று தெரியாதவரைத் திருப்பி அனுப்புவது மிக எளிது. தெரிந்துகொண்டு வருகிறவரை அப்படி அனுப்ப முடியாது. அதனால், நம் இலைக்கு யார் யார் பரிமாறுகிறார்கள் என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

பந்தி வரிசையில் வருபவர்: கவுன்சிலர்

பரிமாறுகிறவருக்கு மண்டபம் முழுவதும் வேலையில்லை. அவருக்கென்று ஒரு வரிசை உண்டு. தங்கவயலுக்கான ராபர்ட்சன்பேட்டை நகரசபைக் கவுன்சிலரும் அப்படித்தான். நகரசபை 35 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வார்டுக்கு ஒரு கவுன்சிலர். தெருக்குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர், பிறப்பு இறப்புச் சான்றிதழ், வீட்டு வரி ஆகியவை இந்த வரிசையில் அடங்கும். கவுன்சிலர் நகரசபையில் பேசுவார். வேலையைச் செய்விக்கிற அதிகாரி நகரசபை ஆணையர். கன்னட அலுவலக வழக்கில் அவரைப் பௌராயுக்தர் என்பார்கள்.

இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். கர்நாடக நகரசபைச் சட்டப்படி, அந்த ஊரின் எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும்கூட நகரசபை உறுப்பினர்கள்தான். தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களுக்கும் ஓட்டு உண்டு. ஆகவே நகரசபை விவகாரத்தில் 'அது என் வேலையில்லை' என்று அவர்கள் முழுவதுமாக விலகிக்கொள்ள முடியாது. இன்னொன்று, நகரசபையின் ஐந்தாண்டுக் காலம் முடிந்து தேர்தல் தள்ளிப்போனால் கவுன்சிலர்கள் இருக்க மாட்டார்கள். அரசு நியமிக்கிற ஆட்சி அதிகாரி அந்த இடத்தில் இருப்பார். அப்போது மனுவை நேராக அவருக்கும் ஆணையருக்கும் எழுத வேண்டும். பழைய கவுன்சிலரின் வீட்டு வாசலில் காத்திருப்பது வீண்.

நகர எல்லைக்கு வெளியே, பேத்தமங்கலா, கியாசம்பள்ளி பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்களுக்குக் கவுன்சிலர் இல்லை. அவர்களுக்குக் கிராமப் பஞ்சாயத்து உறுப்பினர். அதற்கு மேலே தாலுகாப் பஞ்சாயத்தும் ஜில்லாப் பஞ்சாயத்தும் உண்டு. ஆனால் கர்நாடகத்தில் அவ்விரண்டின் காலமும் 2021-இல் முடிந்த பிறகு தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது.

அடுப்படியில் நிற்பவர்: எம்.எல்.ஏ.

சமையல்காரர் ஒரு வரிசைக்கு மட்டும் சமைப்பதில்லை. பந்தி முழுவதற்கும் அவர்தான். கர்நாடகச் சட்டமன்றத்தில் 224 தொகுதிகள். நம்முடையது 146-ஆம் எண், கோலார் தங்கவயல். இது தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதி. தனித் தொகுதி என்றால் வேட்பாளர் மட்டும்தான் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஓட்டுப் போடுவதும், குறையைச் சொல்லிக் கேட்பதும் எல்லாருக்கும் பொது. 2018-இலும் 2023-இலும் இங்கே வென்றவர் காங்கிரஸைச் சேர்ந்த எம். ரூபகலா.

ரேஷன் கார்டு, அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை, முதியோர் உதவித்தொகை, அரசு பஸ், தாலுகா அலுவலகம், போலீஸ் எல்லாம் மாநில அரசின் அடுப்பில் வேகிறவை. மின்சாரமும் அப்படியே. 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர் இது. இன்று அதைக் கொடுப்பது பெஸ்காம். அது மாநில அரசின் நிறுவனம்.

தண்ணீரில் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும். தெருக்குழாய் நகரசபையுடையது. ஆனால் தங்கவயலின் தாகத்தைத் தலைமுறைகளாகத் தணித்த பாலாற்றுப் பேத்தமங்கலா ஏரி நகரத்துக்கு வெளியே இருக்கிறது. குழாய் உடைந்தால் கவுன்சிலர். ஏரியிலேயே நீரில்லை, புதிய குடிநீர்த் திட்டம் வேண்டும் என்றால் எம்.எல்.ஏ. ஒரே குறைதான், ஆனால் அது எங்கே பிறக்கிறது என்று பார்த்துத்தான் யாரிடம் போவது என்று முடிவுசெய்ய வேண்டும்.

உக்கிராணத்தில் அளப்பவர்: எம்.பி.

கர்நாடகத்துக்கு மக்களவையில் 28 இடங்கள். அவற்றில் 28-ஆம் எண் கோலார், இதுவும் தனித் தொகுதி. சிட்லகட்டா, சிந்தாமணி, ஸ்ரீனிவாசபுரம், முல்பாகல், தங்கவயல், பங்காருபேட்டை, கோலார், மாலூர் என்று எட்டுச் சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது. 1991 தொடங்கி ஏழு தேர்தல்களில் தொடர்ந்து கே.எச். முனியப்பா வென்றார். 2019-இல் பா.ஜ.க.வின் எஸ். முனிசாமி. 2024-இல் மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் எம். மல்லேஷ் பாபு.

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படுகிற ரயிலில் பெட்டிகள் போதவில்லையா? ரயில்வே மத்திய அரசுடையது, எம்.பி.யிடம் போங்கள். வருங்கால வைப்புநிதி, அதன் ஓய்வூதியம், தபால் நிலையம், பாஸ்போர்ட் ஆகியவையும் அவர் பக்கமே. தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு ரூ. 5 கோடிக்கு வேலைகளை எம்.பி. பரிந்துரைக்கலாம். பணம் அவர் கைக்கு வராது. மாவட்ட நிர்வாகம்தான் வேலையை நடத்தும். ஆகவே எம்.பி.யிடம் கொடுக்கிற மனுவின் நகல் ஒன்றை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புவது நல்லது.

மண்டபத்துக்காரர்: சுரங்க நிலம்

மற்ற ஊர்களில் மூவரோடு கணக்கு முடிந்துவிடும். மைசூர் மைன்ஸில் நான்காமவர் ஒருவர் இருக்கிறார். அவரை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் நம் தலைக்கு மேலுள்ள கூரையும் காலுக்குக் கீழுள்ள மண்ணும் அவருடையவை.

1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில் தோண்டத் தொடங்கிய சுரங்கங்களை 1956-இல் மைசூர் மாநில அரசு எடுத்துக்கொண்டது. 1962-இல் அவை மத்திய அரசின் கைக்குப் போயின. 1972-இல் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம், அதாவது பி.ஜி.எம்.எல்., உருவானது. 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது, நிலம் மட்டும் மத்திய சுரங்க அமைச்சகத்தின் கீழேயே நின்றது. லைன் வீடுகளின் உரிமை, பழைய தொழிலாளர்களின் நிலுவை, காற்றடித்தால் புழுதி கிளம்பி வீட்டுக்குள் வருகிற சயனைடு மண்மேடுகள் என்று நம் பெரிய வேதனைகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நகரசபையிடம் கேட்டால் 'அது பி.ஜி.எம்.எல். இடம்' என்ற பதில் வரும். மாநிலத்தைக் கேட்டால் 'மத்திய அரசு' என்பார்கள். அந்தப் பதில்கள் பெரும்பாலும் உண்மையும்கூட. இந்தக் கேள்விகளை நாடாளுமன்றத்தில் சுரங்க அமைச்சரிடம் எழுப்பக் கூடியவர் எம்.பி. அமைச்சர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் அவைக் குறிப்பில் ஏறும். வீட்டு மனை, சயனைடு மண் என்றால் முதல் மனு எம்.பி.க்கு. நிலத்தை மாநிலத்துக்கு மாற்றுவது, அங்கே தொழிற்பேட்டை அமைப்பது என்று பேச்சு வரும்போது மாநிலமும் சேர்ந்துவிடும். அப்போது எம்.எல்.ஏ.வுக்கும் அதே மனுவின் நகல் போக வேண்டும்.

என் இலை எந்த வரிசையில்?

யார் யார் என்று தெரிந்துவிட்டது. என் வீடு எதில் சேர்ந்தது என்பதைக் காட்டுகிற சீட்டு எது? வாக்காளர் பட்டியல்.

வாக்காளர் அட்டையை எடுத்துப் பாருங்கள். மூன்று ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் சேர்ந்த எண் ஒன்று இருக்கும். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ, ஆணையத்தின் செயலியிலோ அந்த எண்ணைக் கொடுத்தால் உங்கள் சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தொகுதி, பாகம் எண், வரிசை எண், ஓட்டுச்சாவடி எல்லாம் திரையில் வரும். அட்டை தொலைந்திருந்தால் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, மாவட்டம் கொடுத்தும் தேடலாம். இணையம் பழக்கமில்லாதவர்கள் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அதுவும் வேண்டாமென்றால் உங்கள் பாகத்துக்கென்று நியமிக்கப்பட்ட சாவடி நிலை அலுவலரைக் கேளுங்கள். பெரும்பாலும் அவர் பக்கத்து அரசுப் பள்ளியின் ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார்.

அட்டை கையில் இருக்கிறது, போதும் என்று இருந்துவிடக் கூடாது. ஓட்டுரிமையைத் தருவது பட்டியலில் உள்ள பெயர். அட்டை அதற்கு அடையாளம் மட்டுமே. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய அட்டையில் இருக்கிற பாகம் எண் இன்று மாறியிருக்கலாம். ஒரு சாவடிக்கு 1,200 வாக்காளருக்கு மேல் வேண்டாம் என்று தேர்தல் ஆணையம் 2025-இல் முடிவெடுத்திருப்பதால் பாகங்கள் இன்னும் பிரியும், எண்கள் இன்னும் மாறும்.

வரிசை குழம்புகிற இடங்கள்

இந்த ஊரில் அடிக்கடி குழப்பம் வருவது நான்கு இடங்களில்.

முதலாவது, பாகம் எண் வேறு, வார்டு எண் வேறு. பாகம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தலுக்கானது. அதை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். வார்டு நகரசபைக்கானது, அந்தத் தேர்தலை நடத்துவது கர்நாடக மாநிலத் தேர்தல் ஆணையம். பந்தியை இடப்புறமிருந்து ஒருவரும் வலப்புறமிருந்து இன்னொருவரும் எண்ணினால் ஒரே இலைக்கு இரண்டு எண்கள் கிடைக்கும் அல்லவா, அப்படித்தான் இதுவும். வாக்காளர் சேவைத் தளத்தில் வருகிற பாகம் எண்ணை வார்டு என்று நினைத்துக்கொண்டு வேறு கவுன்சிலரின் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வார்டு எண்ணை வீட்டு வரி ரசீதில் பாருங்கள். அல்லது நகரசபை அலுவலகத்தில் வார்டு எல்லை அறிவிக்கையைக் கேளுங்கள். எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெரு வரை என்று நான்கெல்லையும் அதில் எழுதியிருக்கும். வார்டுகளைத் திருத்தி அமைப்பதும் உண்டு. அதனால் பழைய ரசீதை மட்டும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, தாலுகாவின் பெயர். சில ஆண்டுகளுக்கு முன்வரை தங்கவயல் பங்காருபேட்டைத் தாலுகாவில்தான் இருந்தது. பழைய ரேஷன் கார்டிலும் நிலப் பத்திரத்திலும் 'பங்காருபேட்டைத் தாலுகா' என்றே இருக்கும். அதைப் பார்த்துப் பங்காருபேட்டை எம்.எல்.ஏ.வைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 147-ஆம் எண் பங்காருபேட்டை வேறு தொகுதி. தாலுகா வருவாய்த் துறையின் எல்லை, தொகுதி தேர்தலின் எல்லை. போலீஸுக்கோ தங்கவயல் தனி மாவட்டம்; இங்கே தனி எஸ்.பி. இருக்கிறார். ஆட்சியருக்கு நாம் கோலார் மாவட்டம். அஞ்சல் குறியீட்டு எண்ணும் தொகுதியைக் காட்டாது. முகவரியில் இருக்கிற எதை வைத்தும் எம்.எல்.ஏ. யார் என்று ஊகிக்க வேண்டாம். பட்டியலைப் பார்ப்பதுதான் வழி.

மூன்றாவது, பெங்களூரு. சுரங்கம் மூடிய பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். காலை ரயிலில் போய் இரவு ரயிலில் வீடு திரும்புகிறவருக்கு ஓட்டு தங்கவயலில்தான். குடும்பத்தோடு அங்கேயே குடிபோனவர் எட்டாம் எண் படிவம் கொடுத்து ஓட்டை அங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருப்பது சட்டப்படி தவறு. அதோடு, ஓட்டு இருக்கிற தொகுதியின் பிரதிநிதிதான் நம்மைத் தன் வாக்காளராக எண்ணுவார். பெங்களூரில் பத்து வருடம் வாழ்ந்தும் அங்கே பட்டியலில் பெயரில்லாமல் இருப்பவருக்கு அங்கே உரிமையோடு கேட்க ஆளில்லை. இங்கேயும் கேட்பதற்குக் காரணம் இல்லாமல் போகிறது.

நான்காவது, மேலவை. கர்நாடகத்தில் 75 பேர் கொண்ட விதான பரிஷத் உண்டு. அதில் கோலார் பக்கத்துக்குப் பட்டதாரித் தொகுதி ஒன்றும் ஆசிரியர் தொகுதி ஒன்றும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் பட்டம் முடித்து மூன்றாண்டு கடந்தவர் இருந்தால் அவருக்கு இன்னொரு பிரதிநிதியும் உண்டு என்று பொருள். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் தானாகச் சேராது. பதினெட்டாம் எண் படிவத்தை நிரப்பிக் கொடுத்துச் சேர வேண்டும். தேர்தல்தோறும் பட்டியல் புதிதாகத் தயாராகும், ஒருமுறை சேர்ந்தது அடுத்த முறைக்கு ஆகாது.

எல்லையை மாற்றினால் என்ன நடக்கும்?

தொகுதி எல்லை வெறும் கோடு என்று நினைக்கிறவர்கள் தங்கவயலின் கதையைப் பார்க்க வேண்டும். 1989-இலும் 1999-இலும் இங்கிருந்து பெங்களூரு சட்டமன்றத்துக்குப் போனவர் அ.தி.மு.க.வின் எம். பக்தவத்சலம். 1994-இலும் 2004-இலும் இந்தியக் குடியரசுக் கட்சியின் எஸ். ராஜேந்திரன். கர்நாடகத்தின் மற்ற இடங்களில் பெரிதாக வேரூன்றாத கட்சிகள், சுரங்கத் தொழிலாளர் ஊரில் வென்றன. அப்போதைய தொகுதி பெரும்பாலும் சுரங்க நகரம் மட்டுமே.

2008 தொகுதி மறுசீரமைப்பில் பேத்தமங்கலா என்ற தொகுதியே இல்லாமல் போனது. அந்தப் பக்கத்துக் கிராமங்கள் தங்கவயலோடு சேர்ந்தன. சுரங்கம் மூடி நகரத்துத் தமிழர்கள் வெளியேறிக்கொண்டிருந்த காலமும் அதுவே. அதன் பிறகு நடந்த நான்கு தேர்தல்களில் பா.ஜ.க. இரண்டு முறையும் காங்கிரஸ் இரண்டு முறையும் வென்றன. பழைய இரண்டு கட்சிகளும் திரும்ப வரவில்லை. இதை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லிவிட முடியாது. பேத்தமங்கலா ஏரியும் தங்கவயலின் குழாயும் ஒரே எம்.எல்.ஏ.வின் கீழ் வந்தது இந்த மாற்றத்தால்தான். ஆனால் சுரங்க லைன்களின் குரல் பெரிய பந்தியில் ஒரு பகுதியாகிவிட்டது. பெரிய பந்தியில், யாரைக் கேட்பது என்று தெரிந்தவரின் இலைதான் நிறையும்.

இன்றைய எல்லைகள் 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி வரையப்பட்டவை. 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்புவரை மாற்றமில்லை என்பது அரசியல் சட்டத்தில் இப்போதுள்ள ஏற்பாடு. அடுத்த மறுசீரமைப்பு வரும்போது வரைவு வெளியாகும், பொதுமக்களிடம் ஆட்சேபமும் கேட்கப்படும். இன்று எந்த எல்லைக்குள் இருக்கிறோம் என்றே அறியாதவர்கள் அன்றைக்கு என்ன சொல்லி ஆட்சேபிப்பார்கள்?

மனுவை எப்படி எழுதுவது?

மனுவின் தலைப்பிலேயே உங்கள் பெயர், தெரு, வார்டு எண், தொகுதி எண் 146, பாகம் எண் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு மனுவில் ஒரு குறைதான் இருக்க வேண்டும். குழாயையும் மனையையும் ரயிலையும் சேர்த்து எழுதினால் மூன்றும் நிற்கும். கொடுத்ததற்குத் தேதியும் முத்திரையுமுள்ள ஒப்புகை வாங்குங்கள். நகல் வீட்டில் இருக்கட்டும். கன்னடத்தில் எழுதினால் மாநில அலுவலகங்களில் கோப்பு விரைவாக நகரும். பள்ளியில் கன்னடம் படித்த பிள்ளைகள் நம் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள், அவர்களை எழுதச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பொறுப்பு யாருடையது என்று விளங்கவில்லையானால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. சாதாரண மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்தால் அது அங்கேயே கிடக்கும். தகவல் உரிமை விண்ணப்பத்தை அப்படிப் போட்டுவைக்க முடியாது. தமக்குரியதில்லை என்றால், உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. 'இந்தத் தெருவிளக்கு எந்த அலுவலகத்தின் பொறுப்பு?' என்று ஒரே வரியில் கேட்டாலும் போதும். எழுத்தில் பதில் வரும். அந்தப் பதிலோடு போகிறவரை அடுத்த அலுவலகத்துக்குத் தள்ளிவிட முடியாது.

மைசூர் மைன்ஸில் ஓட்டுச் சதவீதம் பற்றியும், யாருக்கு எந்தத் தெருவில் செல்வாக்கு என்பது பற்றியும் பேச ஆளுக்குக் குறைவில்லை. ஓட்டுப் போட்ட மறுநாளிலிருந்து அடுத்த தேர்தல்வரை நமக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார் என்பதையும் அதே ஆர்வத்தோடு பேச வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் லைனில் நாலு வீட்டார் சேர்ந்து உட்காருங்கள். ஒவ்வொரு வீட்டின் வார்டு எண்ணையும் பாகம் எண்ணையும் பார்த்து ஒரே தாளில் எழுதுங்கள். அதன் கீழே கவுன்சிலர் அல்லது ஆணையர், எம்.எல்.ஏ., எம்.பி. ஆகியோரின் பெயரையும் அலுவலக முகவரியையும் எழுதி, லைனில் எல்லார் கண்ணிலும் படுகிற சுவரில் ஒட்டிவிடுங்கள்.